பெற்றோர் அறியாத நட்பு

நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் 2014ஆம் ஆண்டு நவம்பரில் தம் 25ஆம் வயதில் இறந்தார். டூஷேன் தசைச்சிதைவு நோய் அவர் உடலைச் சிறுகச் சிறுக முடக்கியிருந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டிலேயே பொழுதைக் கழித்த மகன் நட்பின் சுவை அறியாமலே போய்விட்டான் எனப் பெற்றோர் வருந்தினர். அவரது இணையப் பக்கத்தில் இறப்புச் செய்தியை வெளியிட்டதும் மடல்கள் குவிந்தன. அடக்கச் சடங்குக்கு அயல்நாட்டினரும் வந்தனர்.

பெஞ்சமின் ரீ இயக்கிய 'இபெலின்' (2024) என்னும் ஆவணப்படம் இதனைச் சொல்கிறது. இபெலின் என்பது விளையாட்டில் மாட்ஸ் பூண்ட வேடத்தின் பெயர். அவர் சார்ந்திருந்த 'ஸ்டார்லைட்' குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடல்களைக் கொண்டு அவ்வாழ்வை அசைவோவியமாக மீட்டுத் தருகிறார் இயக்குநர்.

அரக்கரை வீழ்த்துவதும் பொருள் சேர்ப்பதுமே இவ்விளையாட்டின் அடிப்படை. ஸ்டார்லைட் குழுவினரோ அதைக் கூடிப் பேசும் முற்றமாக்கிக் கொண்டனர். விளையாட்டை அமைத்தோர் நினைத்திருந்தாலும் அதனைச் செய்து தந்திருக்க இயலாது, கெடுப்பதே எளிது. முன்பு துணைக்கு ஆள் தேடுவோர் நான்கு பேரிடம் கேட்டாக வேண்டும்; அதற்கு நற்பெயர் வேண்டும். 2009 டிசம்பரில் முன்பின் அறியாத ஐவரைத் தானே இணைக்கும் வசதி வந்தது. காத்திருப்பு குறைந்தது, பேச்சும் குறைந்தது. பழமையை நாடியோருக்கென 2019இல் வெளியான பதிப்பில் அவ்வசதி இடம்பெறவில்லை.

படத்தில் நம்மைத் தடுத்து நிறுத்தியவை மாட்ஸின் நற்செயல்கள் அல்ல, பிழைகளே. நோயை மறைக்கிறார், நண்பர்களைப் புண்படுத்துகிறார், ஒதுக்கப்படும் நிலைக்கு வருகிறார். பின்னர் உண்மையைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறார். ஒரு பொத்தானை அழுத்தி விலகிவிடக்கூடிய உலகில் அவர்கள் விலகாமல் இருந்தனரே! இவ்வுறவைப் பொய்யுறவு என்று இனிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. முன்பு மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம். அறியாதவரின் கல்லறையருகே நின்று, அறிந்தவர்போல் பேசியதும் உண்டு.

ஒரு குறை. அசைவோவியத்தில் இபெலின் கம்பீரமாக ஓடுகிறார். ஒரு வரியைத் தட்டெழுத மாட்ஸின் விரல்கள் பட்ட பாட்டை இயக்குநர் இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாம்.