தலைக்கணக்கும் வாசகர் கணக்கும்

ஜவுளிக்கடை பில் கவுண்டரில் நிற்கிறோம். பணத்தை வாங்கும் முன்பே அந்தப் பெண் கேட்கிறார்: “போன் நம்பர் சொல்லுங்க சார்.” எதற்கு என்று கேட்பவர் குறைவு. பின்னால் வரிசை நிற்கிறது; பத்து எண்களை ஒப்பித்துவிட்டு நகர்கிறோம். ஆடித் தள்ளுபடி நெருங்கும்போது குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். மின்னஞ்சலில் செய்திமடல் நடத்துபவர்கள் சந்தாதாரர் பட்டியலை வளர்க்கக் கையாளும் வழிகளில் பல, இந்தக் கவுண்டர் கேள்வியின் நாகரிகமான வடிவங்கள். நேர்மையான வழிகளும் இருக்கின்றன. எது எந்த வகை என்று பார்க்கலாம்.

பட்டியலை வளர்க்கும் ஆசையில் தவறில்லை. முகநூலில் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், ஒரு பதிவு யார் கண்ணில் படும் என்பதை அந்த நிறுவனத்தின் நிரல் தீர்மானிக்கிறது. கணக்கு முடங்கினால் பத்தாயிரமும் போயிற்று. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு சேவைக்குக் குடிபெயரலாம். 2017இல் தொடங்கிய செய்திமடல் தளமான சப்ஸ்டாக், கட்டணச் சந்தாவில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது; பட்டியலை எழுதுபவரிடமே விட்டுவைக்கிறது. இடைத்தரகர் பிடிக்குள் அகப்படாமல் வாசகரிடம் போய்ச் சேர, எழுதுபவனுக்கு இணையத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இந்த வழியில் குப்பை சேர்ந்த வரலாறும் பழையதுதான். 1978 மே மாதம், டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். வசவு குவிந்தது. விற்பனையும் நன்றாக நடந்தது என்று அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். தொல்லை தந்தாலும் பலன் உண்டு என்ற அந்தப் பாடத்தை விற்பனை உலகம் இன்னும் மறக்கவில்லை. இதற்கு மறுப்பாக, முதலில் அனுமதி வாங்கு, பிறகு பேசு என்ற கொள்கையை 1999இல் சந்தைப்படுத்தல் எழுத்தாளர் சேத் கோடின் ஒரு புத்தகமாகவே எழுதினார். இன்று எல்லோரும் அனுமதி வாங்குகிறார்கள். எப்படி வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நல்ல வழிக்கு எடுத்துக்காட்டு ‘மார்னிங் புரூ’. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 2015இல் தொடங்கிய வணிகச் செய்திமடல் இது. ஆரம்பத்தில் வகுப்பறைகளில் காகிதத்தைச் சுற்றவிட்டு முகவரி திரட்டினார்கள். பிறகு பரிந்துரைத் திட்டம் வந்தது. சிலரைச் சேர்த்துவிட்டால் ஸ்டிக்கர், இன்னும் சேர்த்தால் காபிக் கோப்பை, அதற்கும் மேலே போனால் சட்டை. பிடித்ததை நண்பனிடம் சொல்வது மனித இயல்பு. அதற்கு ஒரு சின்ன உந்துதல் கொடுத்தார்கள். தெரிந்தவர் சொல்லி வருபவர் என்ன வரப்போகிறது என்று அறிந்தே வருகிறார். இதிலும் ஓட்டை உண்டு. கோப்பைக்காகத் தன்னுடைய நான்கு முகவரிகளைத் தானே சேர்த்துக்கொள்பவரும் இருப்பார். பரிசு பெரிதாகப் பெரிதாக ஓட்டையும் பெரிதாகும்.

இரண்டாவது வழி இலவச இணைப்பு. “முகவரி கொடுங்கள், முப்பது பக்க வழிகாட்டி இலவசம்.” வழிகாட்டி மடலின் விஷயத்தையே பேசினால் இது நியாயமான பண்டமாற்று. பட்ஜெட் போடுவது பற்றிய மடலுக்கு ஐபோன் குலுக்கல் வைத்தால், வருகிறவர் ஐபோனுக்கு வந்தவர். தீபாவளி மலரோடு தரும் பொருளுக்காக மலரை வாங்கியவர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைப்பது போலத்தான்.

மூன்றாவதுதான் கவுண்டர் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஒரு மடலுக்குச் சந்தா சேர்கிறீர்கள். அடுத்த திரையில் இன்னும் நாலைந்து மடல்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏற்கெனவே டிக். கீழே பளிச்சென்று ‘தொடர்க’ என்ற பெரிய பொத்தான். தவிர்க்க வேண்டுமானால் வெளிறிய எழுத்தில் ஒரு சொல். அவசரத்தில் பெரிய பொத்தானை அழுத்துகிறோம். மறுவாரம் யாரென்றே தெரியாத ஒருவர் “அன்புள்ள வாசகரே” என்று எழுதுகிறார். எழுதுபவர்கள் ஒருவரையொருவர் பரிந்துரைப்பது அருமையான பழக்கம். அந்த டிக்கை வாசகரே போட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இப்படிச் சேர்ந்த எண்ணிக்கை பார்க்க அழகாயிருக்கும். ஆனால் அஞ்சல் சேவைகள் வேறு கணக்குப் பார்க்கின்றன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர், விலகுவதற்கு ஒரே சொடுக்கில் வழி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர். கேட்காமல் சேர்க்கப்பட்ட நாலு பேர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், விரும்பிச் சேர்ந்த மற்றவர்களுக்கும் மடல் போய்ச் சேராமல் போகலாம். திறந்து பார்த்தவர் சதவீதத்தைக் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு, மடலிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. வாசகர் தூங்கிக்கொண்டிருந்தாலும் ‘திறந்தார்’ என்று பதிவாகும்.

அப்படியானால் பட்டியலைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளலாமா? 1959இல் ‘எழுத்து’ இலக்கிய இதழைத் தொடங்கிய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்பே அறிவித்தார். தேடி வரும் வாசகர் போதும் என்ற பிடிவாதம் அது. புதுக்கவிதை வேர் பிடிக்க அந்தச் சிறு கூட்டம் போதுமானதாயிருந்தது. இதழ் நிலைக்கப் போதவில்லை, 1970இல் நின்றது. சிறியதாக இருப்பதே சிறப்பாகிவிடாது. வளரத்தான் வேண்டும், கேட்டு வந்தவர்களால் வளர வேண்டும்.

அதற்கு இரண்டு பழக்கங்கள் போதும். முதலாவது, முகவரி கொடுத்தவருக்கு ஓர் உறுதி மடல் அனுப்பி, அவர் அதைச் சொடுக்கிய பிறகே சேர்ப்பது. சிலர் சொடுக்காமல் விடுவார்கள். தட்டச்சுப் பிழையான முகவரிகள் அங்கேயே கழிந்துவிடும். இரண்டாவது, மாதக்கணக்கில் எதையும் சொடுக்காதவரிடம் “இன்னும் அனுப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலில்லையென்றால் நீக்குவது. எண்ணிக்கை குறைவதைப் பார்க்க மனம் வலிக்கும். ஆனால் பெரும்பாலான அனுப்பும் சேவைகள் தலைக்கணக்கில்தான் கட்டணம் வாங்குகின்றன. படிக்காதவருக்கும் நாம்தான் காசு கட்டுகிறோம்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. மடல் நடத்துபவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் மடலில் நீங்களே சேர்ந்து, நீங்களே விலகிப் பாருங்கள். சேர ஒரு சொடுக்கும் விலக நான்கும் ஆகிறதென்றால், உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் வாசகர்கள், எத்தனை பேர் வெளியேற வழி தெரியாமல் நிற்பவர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.