‘சுற்று’ என்ற சொல்லும் ஒரு தேர்வு வினாவும்

1982-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை ஏறத்தாழ 3 லட்சம் மாணவர் எழுதினர். அதன் கணிதப் பகுதியில் வந்த வினா ஒன்று இன்றளவும் பேசப்படுகின்றது. பெரிய வட்டம் ஒன்று. அதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரமுடைய சிறிய வட்டம் ஒன்று. சிறியது பெரியதன் விளிம்பை ஒட்டி வெளிப்புறமாக உருண்டு செல்கின்றது. அதன் மையம் புறப்பட்ட இடத்தை முதன்முதலாக வந்தடையும்பொழுது, அவ்வட்டம் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும்? ஒன்றரை, 3, 6, நாலரை, 9 என ஐந்து விடைகள் அச்சிடப்பட்டிருந்தன.

வினாவை அமைத்தோர் கருதிய விடை 3. பெரியதன் சுற்றளவு சிறியதன் சுற்றளவைப் போல் மும்மடங்கு. ஆதலின் மூன்று சுற்று என்பது அவர்கள் கணக்கு. நேரான சாலையாயின் அது பொருந்தும். பாதை வட்டமாக வளைந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும்பொழுதோ, அவ்வளைவே உருளும் வட்டத்தை இன்னும் ஒருமுறை திருப்பிவிடுகின்றது. ஆகவே விடை 4. ஐயுறுவோர் ஒரே அளவுள்ள இரு காசுகளை மேசைமீது வைத்து, ஒன்றை அசையாமற் பிடித்து, மற்றதை அதன் விளிம்போடு வழுக்காமல் உருட்டிப் பார்க்கலாம். பாதி வழியிலேயே காசிலுள்ள தலை பழையபடி நிமிர்ந்து நிற்கும். முழு வழியும் முடிந்தால் சுற்று இரண்டாகியிருக்கும். சுற்றளவுக் கணக்கோ ஒன்றுதான் என்று சாதிக்கும்!

அச்சிட்ட ஐந்து விடைகளுள் 4 இல்லை. மாணவர் மூவர் எழுதிப் பிழையைச் சுட்டினர். அதன்பின் அவ்வினா நீக்கப்பட்டு, மதிப்பெண்கள் மீண்டும் கணக்கிடப்பட்டன.

வினாவுக்காக வாதாடுவோர் சொல்லின் பொருளைத் துணைக்கு அழைப்பர். அவ்வாதம் முற்றும் பொய்யன்று. பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து நோக்குவார்க்குச் சிறியது மூன்று முறையே திரும்பும். வானநூலார் வழக்கிலோ ஒரு கோள் மற்றொன்றை வலம்வருவதே சுற்று. அவ்வாறு கொண்டால் விடை 1. தமிழிலும் இவ்விடர் உண்டு: பூமி தன்னைத்தானே சுற்றுகின்றது, சூரியனையும் சுற்றுகின்றது; வினைச்சொல் ஒன்றே. சூரியனை வைத்து எண்ணினால் ஆண்டுக்கு 365¼ நாள். விண்மீன்களை வைத்து எண்ணினால் பூமி சுழல்வது 366¼ முறை. அந்த மிகை ஒன்றும் காசுக் கணக்கின் மிகை ஒன்றும் வேறல்ல.

எனினும் எதனை வைத்து எண்ணுவது என்பதை வினா சொல்லவில்லை. சொல்லாதவிடத்துத் தாள்மேல் நின்று எண்ணுவதே இயல்பு, அவ்வெண் 4. பட்டியலில் 3 ஒன்றே பொருந்துவதால் மாணவர் அதனையே உய்த்துணர்ந்திருக்க வேண்டும் என்பது, வினாவின் பொருளை விடைப்பட்டியலிடம் கேட்டறியச் சொல்வதாகும். அது கணிதச் சோதனையன்று, வினாவமைத்தவரின் மனத்தை ஊகிக்கும் சோதனை.

1980-ஆம் ஆண்டு, இதன் முன்னோட்டத் தேர்வில், இரு கூம்பகங்களை முகத்தோடு முகம் ஒட்டினால் எஞ்சும் முகங்கள் எத்தனை என்ற வினாவிலும் பிழை நேர்ந்தது. அங்கே கருதிய விடை 7; சரியான விடை 5. ஆனால் 5 பட்டியலில் இருந்தமையால், அதனைக் குறித்தோருக்கு உரிய மதிப்பெண் பின்னர் வழங்கப்பட்டது. 1982-இல் அதற்கும் வழியில்லை. நான்கென்று கண்டு, பட்டியலில் அதனைக் காணாது, தன் கணக்கையே ஐயுற்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்த மாணவன் ஒருவன் இருந்திருப்பின், வினாவை நீக்கியது அவனுக்கு அந்த நிமிடங்களைத் திருப்பித் தரவில்லை.