கௌசிகன் ஏன் நரகம் போனான்?

புராணக் கதைகளின் அறம் என்று பேச்செடுத்தால் நம் ஊரில் அரிச்சந்திரன்தான் முதலில் வந்து நிற்பான். மார்க்கண்டேய புராணம் அவன் கதையை விரிவாகச் சொல்கிறது. நம் சுடுகாடுகளில் அவனுக்குக் கோயிலே உண்டு. சிறுவயதில் அந்த நாடகம் தன்னை ஆட்டிவைத்ததைக் காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனால் வாய்மையைப் பற்றி நம் பழங்கதைகள் சொன்னது இவ்வளவுதான் என்பவர்கள் மகாபாரதத்தின் கர்ண பர்வத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை.

பதினேழாம் நாள் போர். கர்ணனிடம் அடிபட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமன், அவன் இன்னும் சாகவில்லை என்று தெரிந்ததும், காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று அர்ஜுனனை ஏசுகிறான். அப்படிச் சொல்பவனைக் கொல்வதாக அர்ஜுனனுக்கு ஒரு சபதம் இருக்கிறது. வாளை உருவிவிடுகிறான். தடுக்க வந்த கண்ணன் கௌசிகனின் கதையைச் சொல்கிறான் (அரிச்சந்திரனைப் பாடாய்ப்படுத்திய விசுவாமித்திரர் அல்ல, இவன் வேறு). உண்மையே பேசுவதென்று விரதம் பூண்ட அந்தணன் இவன். கொள்ளையருக்கு அஞ்சிச் சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் வழி கேட்க, உள்ளதைச் சொல்லிவிட்டான். ஒளிந்தவர்கள் மாண்டார்கள், கௌசிகன் நரகம் போனான்.

கண்ணன் அதோடு விடவில்லை. மூத்தவரை இழித்துப் பேசினாலே கொன்றதற்குச் சமம், பேசிவிடு என்கிறான். அர்ஜுனன் அண்ணனைத் திட்டித் தீர்க்கிறான். பிறகு வெட்கம் தாளாமல் தன்னையே மாய்த்துக்கொள்ள மறுபடி வாளெடுக்கிறான். தற்புகழ்ச்சியும் தற்கொலைதான், உன்னை நீயே புகழ்ந்துகொள் என்று அதற்கும் ஒரு வழி சொல்கிறான் கண்ணன். போர்க்களத்து உபதேசத்தின் நடுவில் இப்படியொரு குறும்பை வைத்த கவியை வெறும் நீதி போதகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பகுதியைத் தத்துவ விவாதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் பிமல் கிருஷ்ண மதிலால் முக்கியமானவர். மகாபாரத அறச்சிக்கல்கள் பற்றி 1989இல் வெளியான கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797இல் வாதிட்ட ஜெர்மானியர் கான்ட்டை அவர் கௌசிகனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மராத்தியில் ‘யுகாந்தா’ எழுதிய ஐராவதி கார்வேயின் பாதை வேறு: மானிடவியலாளரான அவர் பாத்திரங்களைத் தெய்வமாக்காமல் குடும்ப மனிதர்களாக வைத்து விசாரித்தார். தமிழில் அந்த விசாரணையை 26 நாவல்களுக்கு நீட்டியது ஜெயமோகனின் ‘வெண்முரசு’.

கண்ணன் வாதத்தைப் பொய்க்கு உரிமச்சீட்டாக எடுத்துக்கொள்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. தீங்கற்ற நன்மை விளைந்தால் பொய்யும் வாய்மையாகும் என்று குறள் ஒரு நிபந்தனை போடுகிறது. மகன் அசுவத்தாமன் செத்தான் என்று துரோணரிடம் தருமன் சொன்ன பொய் அதில் தேறாது. துரோணர் தலையே போயிற்று. அதுவரை மண்ணுக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய அவன் தேர் அன்று தரையில் இறங்கியது. கடைசிப் பர்வத்தில் அவனும் நரகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. துரோணரை வஞ்சித்தாய், ஆகவே உனக்கும் வஞ்சனையாகவே நரகம் காட்டப்பட்டது என்கிறான் இந்திரன். கண்ணன் தூண்டித்தானே சொன்னேன் என்று தருமன் அங்கே வாதாடுவதாகக் கவி எழுதவில்லை.