இலை போட்ட மெனு

மிலான் நகரத்துக்குப் போனால் உசத்தியான ரெஸ்டாரன்ட்டில் ராத்திரி சாப்பிடாதீர்கள். மதியம் போங்கள். அதே சமையலறை, அதே ஆட்கள், அதே கஞ்சி போட்ட வெள்ளை மேஜை விரிப்பு. நான் போன இடத்தில் ராத்திரி பர்ஸை நடுங்க வைக்கும் விலை. மதியம் மூன்று அயிட்டம் 'செட் லஞ்ச்' 45 யூரோ. நம் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம். அந்தக் காசுக்கு மளிகை வாங்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

விலை குறைவுக்குக் காரணம் தர்ம சிந்தனை அல்ல. வாடகையும் சம்பளமும் மதியமும் ஓடிக்கொண்டிருக்கும். காலி நாற்காலி நஷ்டம். எல்லோருக்கும் ஒரே மெனு என்றால் வீணாவதும் குறைவு. ஆனால், ஒரு சமையலறையின் லட்சணம் இந்தச் சிக்கன மெனுவில்தான் தெரியும் என்பது என் கட்சி. ராத்திரி லாப்ஸ்டரும் ட்ரஃபிளும் போட்டு யாரையும் அசத்திவிடலாம். மதியம் கையில் இருப்பது அரிசி, வெண்ணெய், எலும்பு. அதில் ஏமாற்ற முடியாது.

முதலில் வந்தது வித்தெல்லோ தொன்னாத்தோ. வேக வைத்து ஆறிய கன்றுக்குட்டி இறைச்சியைக் காகிதம் மாதிரி சீவி, மேலே சூரை மீன் அரைத்த சாஸ். கறி மேல் மீனா என்று முகம் சுளிக்காதீர்கள். உப்பும் புளிப்பும் அளவாக இருந்தால் பிரமாதம். அளவாகவே இருந்தது.

அடுத்தது, ஊரின் பெருமையான ரிஸோத்தோ அல்லா மிலனேஸே. கார்னரோலி அரிசியை வெண்ணெயில் லேசாக வறுத்து, ஒயின் விட்டு, சூடான எலும்பு ரசத்தைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கிட்டத்தட்ட 18 நிமிஷம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குங்குமப்பூ நிறம் கொடுக்கும். அடுப்பை விட்டு இறக்கியதும் இன்னும் கொஞ்சம் வெண்ணெய், துருவிய பார்மிஜானோ. தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி நகர வேண்டும். குவித்து வைத்தால் நிற்கிறதா, திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்தது நகர்ந்தது. அரிசியின் நடுவில் பல்லுக்கு ஒரு சின்ன எதிர்ப்பும் இருந்தது.

இதே ஊரில் குவால்தியேரோ மார்கேஸி என்றொரு சமையல் மேதை இருந்தார். இத்தாலியில் முதன்முதலாக மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கிய ரெஸ்டாரன்ட் (1985) அவருடையது. ரிஸோத்தோவின் மேல் நிஜத் தங்க ரேக்கை வைத்துப் பரிமாறிப் புகழ்பெற்றவர். தங்கத்துக்கு ருசி கிடையாது. அடியில் இருக்கும் சோறு சரியாக இல்லாவிட்டால் அது வெறும் நகைக்கடை. மார்கேஸி 2017-ல் காலமானார். அந்தப் பாடம் இந்தச் சமையலறையில் மிச்சமிருக்கிறது.

இதுவரை பாராட்டு. இனி விவகாரம்.

என்னோடு வந்த நண்பர் அங்கே பத்து வருஷமாக வேலை பார்ப்பவர். சுத்த சைவம். மெனுவில் ரிஸோத்தோவுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பச்சை இலை போட்டிருந்தார்கள். சைவம் என்று அர்த்தம். அவர் நிம்மதியாக ஆர்டர் செய்யப் போக, எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரசம் எதில வெச்சதுன்னு ஒரு வார்த்தை கேளேன்."

பரிமாறுகிறவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. மாட்டெலும்பு ரசம். அரிசி வறுக்கும்போது எலும்பு மஜ்ஜையும் உண்டு. பழைய செய்முறையே அப்படித்தான்.

"அப்ப சீஸ்?" என்றார் நண்பர்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று பெயர் போட வேண்டுமானால், பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும். அது விதி. கடைசி அயிட்டமான பன்னா கோத்தா? க்ரீமை உறைய வைப்பது ஜெலட்டின். அதுவும் விலங்குதான். ஆக, மூன்று அயிட்டத்தில் மூன்றும் அவுட்.

யார் மேல் தப்பு? ஐரோப்பிய யூனியனில் ஒவ்வாமை தரும் 14 பொருட்களை ரெஸ்டாரன்ட்காரர்கள் சொல்லியே ஆக வேண்டும். மஜ்ஜை அந்தப் பட்டியலில் இல்லை. 'சைவம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறையும் இல்லை. தட்டில் கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று யாரோ இலை போட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அசட்டைதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அசட்டையும் ஒரு வகைப் பொய்தான். மெனு என்பது கடைக்காரர் எழுதிக்கொடுக்கும் வாக்கு.

சமையலறை தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கேட்டதும் மழுப்பாமல் உண்மையைச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் நண்பருக்கு ஒரு தட்டு வந்தது: ஸ்பகெட்டி, தக்காளி, துளசிக்கு உறவான பேஸில், ஆலிவ் எண்ணெய். உலர்ந்த ஸ்பகெட்டியில் கோதுமையும் தண்ணீரும்தான், முட்டை கிடையாது. அவர் தட்டிலிருந்து ஒரு வாய் திருடினேன். அன்றைக்கு அந்த மேஜைக்கு வந்ததில் அதுதான் ஒசத்தி. மெனுவில் இல்லவே இல்லை!

என் தீர்ப்பு: சமையலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. இலைக்கு முட்டை. நீங்கள் சைவமாக இருந்தால் வெளிநாட்டில் "இது வெஜ்ஜா?" என்று கேட்காதீர்கள். "ரசம் எதில்? சீஸ் எது? உறைய வைத்தது எது?" என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

பில் வரும்வரை நண்பர் பேசவில்லை. ஆபீஸ் கேன்டீனில் பத்து வருஷமாக, வாரம் ஒரு தடவையாவது ரிஸோத்தோ. மனக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தார் போல. வாசலில் கோட்டை மாட்டும்போது சொன்னார்: "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா."

அதனால்தான் அவர் பெயரைப் போடவில்லை.