மைக்கும் பக்கத்து இருக்கையும்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் புதுமுக மாணவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, கையில் மைக்கைக் கொடுத்து, பெயர், ஊர், படித்த பள்ளி, எதிர்கால லட்சியம் என்று சொல்லவைப்பது இன்று பரவலான வழக்கம். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. இவற்றைப் படித்துப் பார்த்தால் மேடையும் மைக்கும் அவற்றின் உயிர்நாடி அல்ல என்பது தெரியும். ஏறத்தாழ இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற சிறு குழுவைத்தான் அவை அடித்தளமாக வைக்கின்றன. நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது இந்தக் குழு. மிஞ்சுவது அரங்கக் கூட்டமும் சிறப்பு விருந்தினர் உரையும் சுய அறிமுகமும். கூச்ச சுபாவம் உள்ள ஒரு மாணவருக்குத் திட்டத்தில் எது பயன்படுமோ அது போய்விடுகிறது, எது அச்சுறுத்துமோ அது தங்கிவிடுகிறது.

குறை சொல்லும் முன், இந்த வழக்கம் எதன் இடத்தைப் பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். புதியவரை நிறுத்தி வைத்துப் பெயர் கேட்கும் உரிமை நெடுங்காலம் சீனியர்களின் கையில் இருந்தது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டது, அந்த 'அறிமுகம்' எதுவரை போகும் என்பதை நாட்டுக்கே காட்டியது. தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் 2009-இல் வந்தன. விடுதி வராந்தாவில் இரவில் நடந்ததைப் பகலில், ஆசிரியர் முன்னிலையில், கைதட்டலோடு நடத்துவது சிறிய முன்னேற்றமல்ல. ஆனாலும் ஒரு சாயல் மாறவில்லை: எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் நிற்கிறார்.

இப்படி நிற்பதால் நட்பு பிறக்கிறதா? ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நடந்த, 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். உளவியல் துறையின் 54 புதுமுக மாணவர்களுக்கு முதல் கூட்டத்தில் இருக்கைகள் குருட்டாம்போக்கில் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் முன்னே வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டார். நம் ஊர் முறையேதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அன்று பக்கத்து இருக்கையிலும் அதே வரிசையிலும் உட்கார நேர்ந்தவர்களிடையே நட்பு கூடுதலாக இருந்தது. எல்லோரும் எல்லோருடைய பேச்சையும்தான் கேட்டார்கள். வேறுபாட்டை உண்டாக்கியது அருகில் உட்கார்ந்த தற்செயல். பெர்லினில் 132 புதுமுக மாணவர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்த ஆசென்டார்ஃப், வில்பர்ஸ் ஆய்வு (1998) இன்னொன்றைக் காட்டியது: கூச்சமுள்ளவர்கள் புதிய நட்பு வட்டத்தை மெதுவாகக் கட்டுகிறார்கள். மெதுவாக என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். அவர்களுக்குத் தேவைப்படுவது கால அவகாசமும் அதே முகங்களை மீண்டும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பும். இரண்டும் சிறிய ஆய்வுகள், அயல்நாட்டவை. திண்டிவனம் போன்ற நம் ஊர்க் கல்லூரிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மேடையேற்றத்துக்கு ஆதரவாக இந்த அளவு சான்றையாவது யாரேனும் காட்ட வேண்டும் அல்லவா?

மறுப்பு ஒன்று உடனே வரும்: நாளை நேர்முகத் தேர்வில் பேசித்தானே ஆக வேண்டும், கூச்சத்தை இப்போதே உடைக்காமல் எப்போது உடைப்பது? பேச்சுப் பயிற்சி தேவை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் முதல் நாள் மைக் பயிற்சியாகாது, அது பரிசோதனை. பயிற்சி என்றால் நான்கு பேர் முன் பேசி, பிறகு இருபது பேர் முன் பேசி, அதன் பிறகே வகுப்பு செமினாருக்கு வர வேண்டும். அது ஒரு பருவம் முழுதும் எடுக்கும் வேலை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஓமந்தூர் போன்ற கிராமத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதல் பட்டதாரி, அறிமுகத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னதும் திணறுகிறார். இது கூச்சமே அல்ல. தமிழில் கேட்டிருந்தால் சரளமாகப் பேசியிருக்கக்கூடும். மொழித் தயக்கத்தைச் சுபாவம் என்று பதிவு செய்துகொள்ளும் ஆசிரியர், மூன்றாண்டும் அவரை 'பேசாத பிள்ளை' என்றே நடத்துவார். (1947-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு முதல்வரைத் தந்த ஊர் ஓமந்தூர். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வாய் திறக்கத் தெரியாது என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டுவது கொஞ்சம் அவசரம்தான்.)

திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் கல்லூரி வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பேருந்து நேரம்தான் தீர்மானிக்கிறது. திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ சுற்றுக் கிராமங்களிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள், மாலை நேரக் கழகங்களுக்காகக் காத்திருந்தால் ஊர் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்கு இதே போன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடுகள் இவை. உள்ளே வந்தபின் கூச்சமுள்ள பிள்ளை பஸ்ஸில் கூட வந்த ஊர்த் தோழியோடு ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. தோழி வேறு துறை என்றால் அந்த ஆதரவும் இல்லை. ஆகவே சேர்க்கையைக் கூட்டும் முயற்சி, பாட வேளைக்குள்ளேயே முகப்பழக்கத்தை உண்டாக்கும் ஏற்பாட்டையும் கேட்கிறது.

அந்த வழிகாட்டிகள் சொல்லும் இருபது பேர் குழுவுக்கு ஆசிரியர் எங்கே என்பது வலுவான மறுப்பு. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில், இந்த ஆண்டு வழிகாட்டியாக இருப்பவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்று சொல்வதற்கில்லை. சீனியர்களிடம் ஒப்படைக்கலாம் என்றால் ராகிங் அச்சம் குறுக்கே நிற்கிறது. அது நியாயமான அச்சம். குழு அமைக்க முடியாத துறையும் இருக்கையை மாற்றலாம்: மாதம் ஒருமுறை குலுக்கலில் இடம் ஒதுக்கி, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யும் ஒரு சிறு வேலைக்கு இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கு தரலாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற வகுப்பறைப் பழக்கத்தை இது கலைக்க வேண்டியதில்லை. அந்தந்தப் பக்கத்துக்குள் மாற்றினாலே போதும். ஊரும் சாதியும் பார்த்துத் தாமாக அமையும் பெஞ்சுகள் இதனால் கலையும். எதிர்ப்பு வருமானால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், கூச்சமுள்ளவர்களிடமிருந்து வராது.