யாத்திரை நூல்களும் லயத்து வாசகரும்

ஆன்ம வளர்ச்சிக்கு உகந்தவையெனத் தமிழ்க் கிறிஸ்தவ உலகில் பரிந்துரைக்கப்படும் நூல்கள் பல. அவற்றின் சமயச் சிறப்பைப் பேசியோர் மிகுதி. அவை எத்தகைய வாசகருக்கு, எத்தகைய சூழலில் பயன்படும் என ஆராய்ந்தோர் குறைவு. மத்திய மலைநாட்டின் அக்கரப்பத்தனை போன்ற தேயிலைப் பிரதேசத்தை மனத்திற்கொண்டு நோக்கின் இவ்வினா முதன்மை பெறுகிறது. அங்கே நூல் என்பது பெரும்பாலும் தனித்திருந்து படிக்கும் பொருளன்று. பகல் முழுவதும் கொழுந்தெடுத்துத் திரும்பிய சிலர் லயத்து அறையொன்றிற் கூட, ஒருவர் உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்கும் பொருளே அது.

தோமஸ் கெம்பிஸ் 15ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ இப்பரிந்துரைகளில் தவறாது இடம்பெறுவது. அதன் உளநோக்குக் கூர்மை மறுக்கவியலாதது. ஆயின் அது துறவிமடத்து அறையிற் பிறந்த நூல். தனிமையும் மௌனமும் அதன் அறிவுரைக்கு அடித்தளமாவன. பத்தடி அகலச் சிற்றறையில் மூன்று தலைமுறை ஒருங்கே வாழும் இடத்தில், அவ்வறிவுரையைப் பின்பற்ற முயல்வோர் தம் இயலாமையையே பாவமெனக் கருதிக்கொள்ளக் கூடும்.

ஜோன் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ இவ்வகையில் நெருங்கிய உறவுடையது. பனியன் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த தொழிலாளி. தம் சமயப் பிரசங்கத்திற்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர். அவரது நடையில் உழைப்பவரின் பேச்சு ஒலிக்கிறது. கதைப்போக்கு கேட்போரை உடனழைத்துச் செல்கிறது. இக்கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) ஐந்து பருவங்களில், 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களால் அமைந்தது. கம்பன் நெறியைக் கிறிஸ்தவப் பொருளுக்கு இசைவித்த அதன் இலக்கியப் பெருமை தனி. ஆயினும் உரையாசிரியர் துணையின்றிச் சிறு குழுவிற்கு அது எளிதிற் பயன்படாது.

பனியனின் நூலும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 1678இல் வெளிவந்த முதற்பாகத்தில், கதைத்தலைவன் மனைவி மக்களின் கூக்குரல் கேளாதவாறு காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவனுக்கு இவ்வுலகம் அந்நிய நாடு. மேலுலக நகரமே சொந்தவூர். இக்கருத்து இங்கிலாந்து வாசகருக்குத் தத்துவமாகலாம். மலையகத் தமிழருக்கோ ‘அந்நியர்’ என்பது சட்டம் சூட்டிய பெயர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே குடும்பத்தினர் கடலின் இரு கரைகளுக்கும் பிரிந்தனர். அத்தகையோரிடம் ‘இவ்வுலகில் நீர் பரதேசியே’ என்று மட்டும் போதிப்பின், அநீதிக்கு ஆன்மிகப் பொருள் கற்பித்தலாக அது முடியும். நூலின் குற்றம் என இதனைக் கொள்வதினும், விளக்கமின்றிப் பரிந்துரைப்போரின் குறை எனக் கொள்வதே பொருந்தும்.

இக்குறைக்கு மாற்றுப் பனியனிடத்தேயே உண்டு. 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் தமிழ் வாசகரிடையே போதிய கவனம் பெறவில்லை. முன்னர்க் கைவிடப்பட்ட மனைவி, பிள்ளைகளோடும் அயல்வீட்டு இளம்பெண்ணோடும் அதே வழியிற் புறப்படுகிறாள். போகப்போகக் கூட்டம் பெருகுகிறது. உள்ளம் தளர்ந்த ஒருவன் தன்னால் ஏனையோருடன் விரைந்து நடக்கவியலாது எனத் தயங்கும்போது, அவனுக்காகத் தாம் காத்திருப்பதாக வழிகாட்டி உறுதி கூறுகிறான். ஊன்றுகோலூன்றி வரும் வேறொருவன் அவனுக்குத் துணையாகிறான். மிக மெதுவாக நடப்பவனுக்கு ஏற்பப் பயணம் அமைய வேண்டும் என்னும் இந்நெறியே சிறு குழுவின் இலக்கணம். தனிவாசிப்புக்கு முதற்பாகம், குழுவாசிப்புக்கு இரண்டாம் பாகம் எனப் பகுத்துரைப்பது தகும்.

இவற்றுக்கும் முன்னதாக வைக்கத்தக்கது விவிலியத்தின் ரூத் ஆகமம். நான்கே அதிகாரங்கள், நான்கு மாலைகளில் உரக்க வாசித்து உரையாடி முடிக்கலாம். பஞ்சத்தால் நாடுவிட்டு நாடு சென்ற குடும்பம், கணவரை இழந்த பெண்கள், பிறர் வயலிற் கதிர் பொறுக்கி மாலையில் அளந்து பார்க்கும் உழைப்பு ஆகிய யாவும் பஞ்சத்தில் கடல் கடந்த மூதாதையரை நினைவிற் கொண்டோருக்கு உரை வேண்டாதவை. வயலுக்குரிய போவாஸ் அவளுக்குக் காட்டும் தயவு போற்றப்படுவது வழக்கம். ஆனால் அறுப்பில் சிந்திய கதிர்கள் எளியவர்க்கும் அந்நியர்க்கும் உரியவை என்பது லேவியராகமத்து விதி. அவ்வாறாயின் ரூத் பெற்றது கருணையா, உரிமையா? இவ்வினாவை எழுப்பாத குழுவாசிப்பு பாதியிலே நின்றுவிடும். ஊர்வாசலில் மூப்பர் கூடி அவளை ஏற்கும் வேளையிலும் ‘மோவாபிய ஸ்திரீ’ என்னும் அடைமொழி அவளை விட்டகலவில்லை என்பதும் நோக்கற்பாலது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை வழங்கப்பட்ட பின்னரும், வீட்டிற்கும் நிலத்திற்கும் உரிமை கோரி நிற்கும் சமூகத்திற்கு அவ்வடைமொழியின் பாரம் நன்கு தெரியும்.

ரூத்தின் கதைக்கும் எல்லை உண்டு. நிலவுடைமையாளரின் நற்குணமும் திருமணமும் வாய்த்தமையால் அவள் ஈடேறினாள். அவை வாய்க்காதார் நிலை என்ன என்பதற்கு அந்நூலில் விடையில்லை. இந்த இடைவெளியில் திஸ்ஸ பாலசூரிய அடிகளாரின் நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றிய ஆங்கில நூல் (1977) துணைபுரியும். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்போர் வாழ்வில் எதனைப் பகிர்கின்றனர் என அது வினவுகிறது. ஆங்கிலமறிந்த ஒருவர் அதன் கருத்துக்களை எளிய தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும்; பல்கலைக்கழகம் புகுந்த மலையக இளைஞருக்கு உரிய பணி அது.

நல்ல நூற்பட்டியலின் அளவுகோல் அதன் நீளமன்று. வாசிக்கத் தெரியாத தாயும் கேட்டு வினவக்கூடிய நூல், தனிமனிதனைத் தேற்றுவதோடு அருகிலிருப்பவனுக்காகக் காத்திருக்கவும் கற்பிக்கும் நூல், அநீதியை விதியென மயங்கவிடாத நூல் ஆகியவையே அக்கரப்பத்தனை லயத்தின் விளக்கொளியில் விரிக்கத் தக்கவை.