ஒரு துகளும் பத்தாயிரம் துகள்களும்

ஒளியால் சூடேறும் தங்க நானோத் துகள்களை வைத்துப் பொருள் வளர்க்கும் முறைக்கு ஆதரவாக ஒரு வாதம் ஓயாமல் சொல்லப்படுகிறது: கொதிப்பது துகள் மட்டும்தான், அடித்தட்டு குளிர்ந்தே இருக்கிறது, எனவே பிளாஸ்டிக்கின் மேல்கூட வேண்டிய இடத்தில் நானோகம்பியை வளர்த்துவிடலாம். ஒற்றைத் துகளுக்கு இது சரி. அதையே வரிசைகளுக்கும் பொருத்திச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சாதனை பெரியது, சந்தேகமில்லை. 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் பிராங்கர்ஸ்மாவின் குழு சிலிக்கான், ஜெர்மானியம் நானோகம்பிகளையும் கார்பன் நானோகுழாய்களையும் லேசர் பட்ட இடத்தில் வளர்த்துக் காட்டியது. உலையையே சூடாக்கும் தேவை போயிற்று.

ஆனால் துகளைச் சுற்றிய வெப்பம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில்தான் தேய்கிறது. பத்து ஆரம் தள்ளிப் போனாலும் பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். ஒன்றுக்கு இது பொருட்டல்ல. 25 நானோமீட்டர் ஆரமுள்ள துகள்களை 500 நானோமீட்டர் இடைவெளியில் நூறுக்கு நூறாக அடுக்கி, எல்லாவற்றின் மீதும் ஒரே நேரத்தில் தொடர்ந்து ஒளி பாய்ச்சிக் கணக்குப் போடுங்கள். நடுவிலுள்ள துகளுக்குத் தன் சொந்தச் சூடு ஒரு பங்கு என்றால், அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேர்வது சுமார் பதினேழு பங்கு. அங்கே வெப்பநிலையை 400 டிகிரி உயர்த்தினால், துகளுக்கும் பக்கத்து வெற்றிடத்துக்கும் வித்தியாசம் இருபது டிகிரி சொச்சம்தான். பெட் பிளாஸ்டிக் 260 டிகிரிக்குள் உருகிவிடும். மூலைத் துகள்களுக்கோ நடுவில் இருப்பதில் பாதிதான் கிடைக்கும். வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு மடமடவென்று மாறுவதால், நடுவில் கம்பி நீளும்போது மூலையில் ஒன்றுமே முளைக்காமல் போகலாம். இதுவா துல்லியம்?

லேசரைத் துகள் துகளாக நகர்த்தலாம் என்பார்கள். நகர்த்தலாம்; ஒரே வீச்சில் பரப்பு முழுவதும் வளர்க்கும் வேகம் அப்போது போய்விடும். நானோவினாடித் துடிப்புகள் சூட்டைப் பரவவிடாது என்பதும் சரியே. ஆனால் வளர்ச்சிக்குக் கிடைப்பதும் அந்த நானோவினாடிகள் மட்டுமே.

கூட்டுச் சூட்டைக் கணிக்கும் வழியை கியோம் பஃபூவும் சகாக்களும் 2013-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இனியும் ஒற்றைத் துகளின் சூத்திரத்தைக் காட்டி வரிசைக்கு நற்சான்று கேட்பது நேர்மையல்ல. வரிசையில் வளர்த்ததாகச் சொல்பவர்கள் இரு துகள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் வெப்பநிலையை, மையத்திலும் மூலையிலும், அளந்து வெளியிடட்டும்.